ஃபியர்கஸ் அர்க்கர்ட்: டெஸ்டராகத் தொடங்கிய கேம் தயாரிப்பாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபியர்கஸ் அர்க்கர்ட் யார்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இர்வைன் நகரில் இயங்கும் அப்சிடியன் என்டர்டெயின்மென்ட் என்ற வீடியோ கேம் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1991-ல் இன்டர்ப்ளே என்ற நிறுவனத்தில் டெஸ்டராக, அதாவது விளையாட்டுகளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பவராக வேலைக்குச் சேர்ந்து, தயாரிப்பாளராக உயர்ந்து, 1996-ல் அந்நிறுவனத்தின் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கான (ஆடுபவர் ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடுபவை) பிரிவைப் பொறுப்பேற்றார். பிளாக் ஐல் ஸ்டூடியோஸ் என்று பின்னர் புகழ்பெற்றது அந்தப் பிரிவுதான். 2003-ல் அங்கிருந்து விலகி, உடன் பணியாற்றிய நால்வருடன் சேர்ந்து அப்சிடியனைத் தொடங்கினார். ஃபால்அவுட் 2, பால்டர்ஸ் கேட், ஃபால்அவுட்: நியூ வேகாஸ், பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி ஆகிய விளையாட்டுகளை ஆடியவர்கள் அவற்றின் பெயர்ப் பட்டியலில் இவர் பெயரைக் கடந்து வந்திருப்பார்கள், பெரும்பாலும் கவனித்திருக்க மாட்டார்கள்.

டெஸ்டர் என்பவர் நாள் முழுவதும் விளையாடுவதற்குச் சம்பளம் வாங்குபவரா?

இந்தத் தொழிலைப் பற்றி வெளியாட்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். அதில் இருக்கும் பொறாமை, டெஸ்டரின் அருகில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் கரைந்துவிடும். விளையாடுபவர் ஒரு கதவைத் திறந்து உள்ளே போய்விடுவார். டெஸ்டரோ அதே கதவைச் சண்டையின் நடுவே திறப்பார், பையில் இடமில்லாதபோது திறப்பார், பாதி திறந்த நிலையில் விளையாட்டைச் சேமித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்ப்பார், பிறகு மறுநாள் நிரலாளர்கள் தரும் புதிய பதிப்பில் இவை அனைத்தையும் முதலிலிருந்து செய்வார். ஒரு பக், அதாவது விளையாட்டிலுள்ள பிழை, கண்ணில் பட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாது. அதை மறுபடியும் வரவழைக்கும் வழியைக் கண்டுபிடித்து, எந்தெந்தப் படிகளைச் செய்தால் அது தோன்றுகிறது, பத்து முறை முயன்றால் எத்தனை முறை தோன்றுகிறது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்பதை மற்றொருவர் படித்தவுடன் செய்து பார்க்கக்கூடிய வகையில் எழுதித் தர வேண்டும்.

அர்க்கர்ட் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்கு மேலும் ஒரு சுமை இருந்தது. அது டாஸ் இயங்குதளத்தின் காலம். 640 கிலோபைட் அடிப்படை நினைவகத்துக்குள் விளையாட்டும் மவுஸுக்கான நிரலும் ஒலி அட்டைக்கான நிரலும் இடித்துப் பிடித்து அடங்க வேண்டியிருந்தது. ஆட்லிப் ஒலி அட்டையுள்ள கணினியில் ஓடும் விளையாட்டு சவுண்ட் பிளாஸ்டர் உள்ள கணினியில் நின்றுபோகலாம். வட்டுகள் பெட்டியில் அடைபட்டுக் கடைக்குப் போய்விட்டால், பின்னால் வெளியிடும் திருத்தம் வாங்கியவர்களில் பெரும்பாலோரைச் சென்று சேராது. இன்றுபோல இணையம் வழியே முதல் நாளே திருத்தம் இறக்கிவிடும் வசதி அப்போது இல்லாததால், டெஸ்டரின் கண்ணுக்குத் தப்பியது தப்பியதுதான்.

கேம் தயாரிப்பாளர் என்பவர் சினிமாத் தயாரிப்பாளரைப் போலப் பணம் போடுபவரா?

இல்லை. தமிழில் ‘தயாரிப்பாளர்’ என்றவுடன் வட்டிக்கு வாங்கியாவது படத்துக்குப் பணம் இறக்குபவரே நினைவுக்கு வருவார். வீடியோ கேம் உலகில் அந்த இடத்தில் இருப்பது வெளியீட்டு நிறுவனம். தயாரிப்பாளர் அந்த நிறுவனத்திடமோ விளையாட்டை உருவாக்கும் ஸ்டூடியோவிடமோ சம்பளம் வாங்குபவர். நம் சினிமாவில் ஒப்பிட வேண்டுமானால் தயாரிப்பு நிர்வாகியின் வேலையும் இணை இயக்குநரின் வேலையும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்ததைப் போன்றது. எந்த வேலையை யார் எப்போது முடிப்பார், ஓவியர் தாமதித்தால் யாருடைய வேலை நின்றுபோகும், கையிலிருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும், கெடு நெருங்கும்போது எந்தப் பகுதியை வெட்டலாம் என்பவை அவருடைய அன்றாடக் கவலைகள்.

இந்தப் பதவிப் பெயர் இத்தொழிலில் பரவக் காரணமாக இருந்தது 1982-ல் டிரிப் ஹாக்கின்ஸ் தொடங்கிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம். விளையாட்டை உருவாக்குபவர்களை அந்நிறுவனம் இசைக்கலைஞர்களாகப் பார்த்தது. ஆகவே, இசைத்தட்டு நிறுவனங்களில் கலைஞருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் ‘புரொட்யூசர்’ என்ற பதவியையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

டெஸ்டராக இருந்தவர் தயாரிப்பாளராக முடிந்தது எப்படி?

அதில் அவருடைய திறமைக்கும் பங்குண்டு, அவர் சேர்ந்த இடத்துக்கும் காலத்துக்கும் பங்குண்டு. இன்டர்ப்ளே 1983-ல் பிரையன் ஃபார்கோ தொடங்கிய நிறுவனம். தி பார்ட்ஸ் டேல், வேஸ்ட்லேண்ட், பேட்டில் செஸ் ஆகியவற்றால் பெயர் பெற்றது. 1990-களின் தொடக்கத்தில் அது தானே விளையாட்டுகளை உருவாக்கியதோடு, வெளியிலுள்ள சிறு குழுக்கள் உருவாக்கியவற்றையும் வெளியிடத் தொடங்கியிருந்தது. அப்படி வெளியிடப்படும் ஒவ்வொரு விளையாட்டுக்கும், அதை உருவாக்கும் குழுவுடன் பேசிப் பேசி வேலையை நகர்த்த நிறுவனத்துக்குள்ளேயே ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்த ஆளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. விளையாட்டை முழுமையாக அறிந்தவர்கள் அதே கட்டடத்தில் டெஸ்டர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

முழுமையாக அறிந்தவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓவியர் தான் வரைந்த ஊரை அறிவார். நிரலாளர் தான் எழுதிய சண்டை முறையை அறிவார். கதாசிரியர் தன் உரையாடல்களை அறிவார். இவை மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடத்தைத் தினமும் பார்ப்பவர் டெஸ்டர் மட்டுமே. அதோடு, திட்ட அட்டவணையில் ‘90 விழுக்காடு முடிந்தது’ என்று எழுதியிருக்கும்போது உண்மையில் எவ்வளவு முடிந்திருக்கிறது என்பது பக் பட்டியலின் நீளத்தைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். தயாரிப்பாளருக்கு வேண்டிய முதல் அறிவு அதுதான்.

பிளாக் ஐல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

அர்க்கர்ட்டின் முன்னோர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர்கள். பிளாக் ஐல் அந்நாட்டின் வடபகுதியில் இன்வர்னஸ் நகருக்கு அருகிலுள்ள நிலப்பகுதி. பெயரில் தீவு இருந்தாலும் அது தீபகற்பம்தான். அவர் பொறுப்பேற்ற பிரிவுக்கு முதலில் டிராகன்ப்ளே என்று பெயர் இருந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் உலகங்களைப் பயன்படுத்தும் உரிமத்தை இன்டர்ப்ளே வாங்கியிருந்ததன் எதிரொலி அது. 1998-ல் பெயர் மாறியது.

கதை எழுதுவதும் நிரல் எழுதுவதும் அவருடைய முதன்மை வேலை இல்லை என்றால் பிளாக் ஐலின் வெற்றியில் அவருடைய பங்கு என்ன?

1997 அக்டோபரில் ஃபால்அவுட், 1998 அக்டோபரில் ஃபால்அவுட் 2, அதே ஆண்டு டிசம்பரில் பால்டர்ஸ் கேட், 1999 டிசம்பரில் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட், 2000-ல் ஐஸ்விண்ட் டேலும் பால்டர்ஸ் கேட் 2-ம். மூன்றே ஆண்டுகளில் இத்தனை விளையாட்டுகள் ஒரு பிரிவின் கை வழியாக வெளிவந்தன. இவற்றுள் முதலாவதான ஃபால்அவுட்டின் பெருமை அதை உருவாக்கிய டிம் கெய்னுக்கும் அவருடைய குழுவுக்கும் உரியது. தயாரிப்பாளராக அர்க்கர்ட்டின் கை எங்கே தெரிகிறது என்று பார்க்க வேண்டுமானால் பால்டர்ஸ் கேட்டின் கதையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவின் எட்மன்டன் நகரில் மருத்துவர்கள் சிலர் 1995-ல் பயோவேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் விளையாட்டான ஷாட்டர்ட் ஸ்டீலை 1996-ல் வெளியிட்டது இன்டர்ப்ளே. அவர்கள் அடுத்ததாக பேட்டில்கிரவுண்ட் இன்ஃபினிட்டி என்ற பெயரில் ஒரு மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார்கள். தெய்வங்கள் மோதிக்கொள்ளும் ஒரு புதிய உலகம் அதில் இருந்தது. அதைப் பார்த்த அர்க்கர்ட், அதன் தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு, தங்கள் கையில் ஏற்கெனவே உரிமம் இருந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகில் ஒரு விளையாட்டாக அதை மாற்றலாம் என்று யோசனை சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் பால்டர்ஸ் கேட்.

ஒரு பக்கம் கையிலிருந்த உரிமம், மறுபக்கம் பெயர் தெரியாத ஒரு குழுவின் நல்ல தொழில்நுட்பம்: இரண்டையும் முடிச்சுப் போட ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை, இரண்டும் இருப்பது தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் பலன் அந்த ஒரு விளையாட்டோடு நிற்கவில்லை. இன்ஃபினிட்டி எஞ்சின் என்று பெயர் பெற்ற அதே தொழில்நுட்பத்தின் மீதுதான் பிளாக் ஐலின் சொந்தக் குழுக்கள் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டையும் இரண்டு ஐஸ்விண்ட் டேல் விளையாட்டுகளையும் கட்டின. ஒரு முறை செலவழித்து உருவாக்கிய அடித்தளத்தில் ஐந்து விளையாட்டுகளை எழுப்புவது தயாரிப்பாளரின் கணக்கு. அந்தக் கணக்கு இல்லாமல் டார்மென்ட் போன்ற, சண்டையைவிட உரையாடல் மிகுந்த, விற்குமா என்று உறுதியில்லாத ஒரு படைப்புக்கு எந்த நிறுவனமும் ஒப்புதல் தந்திருக்காது என்பது என் எண்ணம்.

தலைவரே முன்னாள் டெஸ்டர் என்றால், அவருடைய விளையாட்டுகளில் பக் மிகுதி என்ற பேச்சு ஏன் எழுந்தது?

இந்தக் கேள்வியைச் சற்றுக் குத்தலாகவே பலர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஃபால்அவுட் 2-ல் பாலைவனத்தைக் கடக்க ஒரு கார் கிடைக்கும். அந்தக் காரின் பின்பெட்டி மட்டும் காரைவிட்டுப் பிரிந்து, போகும் இடமெல்லாம் தனியாக வந்து நின்ற வேடிக்கையை அந்நாளில் ஆடியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்சிடியனின் முதல் விளையாட்டான ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2, 2004-ன் ஆண்டிறுதி விற்பனைக் காலத்தைப் பிடிக்க டிசம்பரில் வெளிவந்தபோது, வெட்டப்பட்ட பகுதிகளின் தழும்புகள் அதன் இறுதிக் கட்டத்தில் அப்பட்டமாகத் தெரிந்தன. வட்டில் எஞ்சியிருந்த துண்டுகளைத் தோண்டியெடுத்து, ரசிகர்களே பல ஆண்டுகள் உழைத்து அவற்றை மீண்டும் இணைத்தார்கள். 2010 அக்டோபரில் ஃபால்அவுட்: நியூ வேகாஸ் வெளியான முதல் நாளிலேயே, ஆட்டத்தின் தொடக்கத்தில் வரும் மருத்துவரின் தலை கழுத்தின் மேல் பம்பரமாகச் சுழலும் காணொளி உலகெங்கும் பரவியது.

சோதனை செய்யப்படாததால் இவை நேர்ந்தன என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் இவ்வகை விளையாட்டின் இயல்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடுபவர் ஐந்து இடங்களில் முடிவெடுக்கிறார், ஒவ்வோர் இடத்திலும் மூன்று வழிகள் உண்டு என்று வைத்துக்கொண்டால், அவர் வந்து நிற்கக்கூடிய நிலைகள் 243. நியூ வேகாஸ் போன்ற ஒரு விளையாட்டில் முடிவெடுக்கும் இடங்கள் ஐந்து அல்ல, நூற்றுக்கணக்கில் இருக்கும். எத்தனை டெஸ்டர்களை உட்கார வைத்தாலும், வெளியான முதல் வாரத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஆடிப் பார்க்கும் வழிகளை அவர்களால் ஆடித் தீர்க்க முடியாது.

அடுத்தது, கண்டுபிடித்த பக்குகளின் கதி. வெளியீடு நெருங்கும் நாட்களில் தயாரிப்பாளரும் தலைமை நிரலாளரும் டெஸ்டர்களின் தலைவரும் தினமும் கூடி, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, இதைத் திருத்துவதா, விடுவதா என்று முடிவு செய்வார்கள். விளையாட்டையே நிறுத்திவிடும் பக் என்றால் பேச்சே இல்லை. ஒரு கதாபாத்திரத்தின் கை சுவருக்குள் நுழைகிறது என்றால் விட்டுவிடலாம். இடையில் உள்ளவைதான் உறக்கத்தைக் கெடுப்பவை. ஏனென்றால் கடைசி நேரத்தில் ஒன்றைத் திருத்தப் போனால் அந்தத் திருத்தமே வேறு இரண்டை உடைக்கக்கூடும், அவற்றைச் சோதிக்க நாள் இருக்காது. அர்க்கர்ட் இந்தக் கூட்டத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர். பக்கைக் கண்டவருக்கு அது விடப்படும்போது எரிச்சல் வரும். விடுவது என்று கையெழுத்திடுபவருக்கோ அது தெரிந்தே செய்யும் பாவம்.

இதையெல்லாம் சொன்னபின்னும் அவரை முற்றிலும் விடுவித்துவிட முடியாது. ஃபால்அவுட் 2-க்குக் கிடைத்தது ஏறத்தாழ ஓர் ஆண்டு, நியூ வேகாஸுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. கெடுவை வெளியீட்டு நிறுவனம் விதித்தது என்பது சரி. அந்தக் கெடுவுக்குள் இவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டிவிடலாம் என்று ஒப்புக்கொண்டது ஸ்டூடியோ. வேலையின் அளவைக் குறைப்பது தயாரிப்பாளரின் கடமை, அதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். டெஸ்டராக இருந்த அனுபவம் பக் எங்கே இருக்கும் என்று சொல்லித்தரும். ஆசையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லித்தராது போலும்.

அந்தப் பக்குகளால் நிறுவனத்துக்கு உண்மையில் இழப்பு ஏற்பட்டதா?

விமர்சனங்களைத் தொகுத்து நூற்றுக்கு மதிப்பெண் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நியூ வேகாஸ் 85 எட்டினால் அப்சிடியனுக்கு ஊக்கத்தொகை உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது, கிடைத்தது 84. நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ் அவெலோன் 2012-ல் இதை வெளிப்படையாகச் சொன்னார். விமர்சனங்கள் பலவும் பாராட்டுக்கு நடுவே பக்குகளைக் குறிப்பிட்டிருந்ததை நினைத்தால், அந்த ஒரு மதிப்பெண்ணை எது தின்றது என்று ஊகிப்பது கடினமன்று.

2003-ல் இன்டர்ப்ளேயைவிட்டு ஏன் விலகினார்?

நிறுவனம் மூழ்கிக்கொண்டிருந்தது. 1998-ல் பங்குச் சந்தைக்குச் சென்ற இன்டர்ப்ளே கடனில் சிக்கி, 2001-ல் பிரெஞ்சு நிறுவனமான டைட்டஸின் பிடிக்குள் போனது. நிறுவனர் ஃபார்கோவே 2002-ல் வெளியேறிவிட்டார். 2003-ல், பால்டர்ஸ் கேட் வரிசையில் மூன்றாவதாக பிளாக் ஐல் உருவாக்கிக்கொண்டிருந்த விளையாட்டு உரிமச் சிக்கலால் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு ஜூனில் அர்க்கர்ட், கிறிஸ் பார்க்கர், டேரன் மொனஹன், கிறிஸ் அவெலோன், கிறிஸ் ஜோன்ஸ் ஆகிய ஐவரும் அப்சிடியனைத் தொடங்கினார்கள். டிசம்பரில் பிளாக் ஐலின் ஊழியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வான் பியூரன் என்ற குறிப்புப் பெயரில் அங்கே உருவாகிவந்த மூன்றாவது ஃபால்அவுட்டும் அதோடு நின்றது. ஹூவர் அணை, சீசரின் படை என்று அதில் இருந்த கருத்துகள் சில, ஏழு ஆண்டுகள் கழித்து நியூ வேகாஸில் உயிர்பெற்றன.

புதிய நிறுவனத்தின் முதல் வேலையும் பழைய உறவின் வழியாகவே வந்தது. நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்கின் முதல் பாகத்தை உருவாக்கிய பயோவேர், இரண்டாம் பாகத்துக்கு அப்சிடியனைப் பரிந்துரைத்தது.

2012-ல் நிறுவனம் மூடப்படும் நிலைக்குப் போனது உண்மையா?

நெருக்கடி உண்மை. மைக்ரோசாஃப்ட்டுக்காக உருவாக்கிக்கொண்டிருந்த ஸ்டார்ம்லாண்ட்ஸ் என்ற விளையாட்டு அந்த ஆண்டில் கைவிடப்பட்டது, பலர் வேலை இழந்தார்கள். பிறருடைய பணத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டங்களை எடுத்து நடத்தும் ஸ்டூடியோவுக்கு, ஒரு திட்டம் முடிவதற்குள் அடுத்ததற்குக் கையெழுத்தாகாவிட்டால் சம்பளம் தர வழியில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நேரடியாக ரசிகர்களிடமே பணம் கேட்டார்கள். இன்ஃபினிட்டி எஞ்சின் காலத்து விளையாட்டுகளின் சாயலில் ஒன்றை உருவாக்க 11 லட்சம் டாலர் கேட்டதற்கு, அக்டோபரில் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் சேர்ந்தது. கொடுத்தவர்கள் சுமார் 74,000 பேர். 2015 மார்ச்சில் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி வெளியானது. அதிலும் ஒரு பக்: ஆயுதத்தை இரட்டைச் சொடுக்கில் அணிந்தால் கதாபாத்திரத்தின் நிரந்தர ஆற்றல்கள் காணாமல் போயின. இம்முறை சில நாட்களிலேயே திருத்தம் வந்தது.

மைக்ரோசாஃப்ட் வாங்கியபின் என்ன மாறியது?

2018 நவம்பரில் அந்த அறிவிப்பு வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் திட்டத்தைக் கைவிட்ட அதே நிறுவனம் ஸ்டூடியோவையே வாங்கிக்கொண்டது. அடுத்த சம்பளத்துக்கு அடுத்த ஒப்பந்தத்தைத் துரத்தும் ஓட்டம் அதோடு முடிந்தது. மைக்ரோசாஃப்ட்டின் கீழ் வந்தபின் பெரிய விளையாட்டுகளோடு சிறியவையும் வெளிவந்தன: சிறு குழு உருவாக்கிய கிரவுண்டட், 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மடாலய ஊரில் நடக்கும் பென்டிமென்ட் ஆகியவை. பென்டிமென்ட்டை இயக்கிய ஜோஷ் சாயர், பிளாக் ஐலில் இணையப் பக்கங்களை வடிவமைக்கும் வேலைக்கு 1999-ல் சேர்ந்தவர். ஓரத்து நாற்காலியிலிருந்து நடுவுக்கு வந்தவர் அர்க்கர்ட் மட்டும் அல்லர்.

இதே பாதையில் வந்த வேறு யாரேனும் உண்டா?

ராப் பார்டோ. அவரும் இன்டர்ப்ளேயில் டெஸ்டராகத் தொடங்கித் தயாரிப்பாளரானவர். 1997-ல் பிளிசார்டு என்ற கேம் நிறுவனத்துக்குப் போய், 2004-ல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் தலைமை வடிவமைப்பாளரானார். ஒரே நிறுவனத்தின் சோதனை அறையிலிருந்து இருவர் வந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

இன்றும் டெஸ்டராகச் சேர்ந்து தயாரிப்பாளராக முடியுமா?

முடியும், ஆனால் படிக்கட்டின் பல படிகள் இப்போது வேறு கட்டடத்தில் இருக்கின்றன. அர்க்கர்ட் காலத்தில் டெஸ்டர் காப்பி குடிக்கப் போகும் வழியில் நிறுவனத் தலைவரைப் பார்த்துவிடலாம். இன்று சோதனை வேலையின் பெரும்பகுதி வெளிநிறுவனங்களிடம் ஒப்பந்தமாகப் போகிறது. வேறு நாட்டில், வேறு நேர மண்டலத்தில், சில மாத ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும், அவரைக் கண்டுகொண்டு பதவி உயர்த்தக்கூடியவர் அவருடைய பெயரைக்கூட அறியமாட்டார்.

இந்த நிலைக்கு எதிர்வினையாகத்தான் அமெரிக்காவில் டெஸ்டர்கள் சங்கம் அமைக்கத் தொடங்கினார்கள். 2022 மே மாதம் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்துக்குச் சொந்தமான ரேவன் ஸ்டூடியோவின் டெஸ்டர்கள் 19-க்கு 3 என்ற வாக்கில் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2023 ஜனவரியில் ஜெனிமேக்ஸின் டெஸ்டர்கள் சுமார் 300 பேர் அமைத்த சங்கத்தை அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்டது. நியூ வேகாஸை வெளியிட்ட பெதஸ்டாவின் தாய் நிறுவனம்தான் ஜெனிமேக்ஸ்.

இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. நிரலாளர் ‘இரண்டு நாளில் முடியும்’ என்று சொல்லும்போது அது எத்தனை நாள் என்று புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

டெஸ்டராக இருப்பவர் தயாரிப்பாளரின் கண்ணில் படுவது எப்படி?

எண்ணிக்கையால் அல்ல. நூறு பக் எழுதியவரைவிட, முப்பது எழுதி அவற்றில் எந்த நான்கு விளையாட்டை வெளியிடவிடாமல் தடுக்கும் என்று சரியாகச் சொன்னவரைத்தான் அந்தத் தினக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். அறிக்கையின் தலைப்பிலேயே இடமும் விளைவும் வந்துவிட வேண்டும்: ‘கார் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், ‘இரண்டாவது ஊரைவிட்டுக் கிளம்பும்போது பின்பெட்டி பிரிகிறது, அதில் வைத்த பொருள்கள் எடுக்க முடியாமல் போகின்றன, 10-க்கு 4 முறை’ என்று எழுதினால் நிரலாளர் அன்று மாலையே அந்த ஊருக்குப் போய்ப் பார்ப்பார்.